நீல இன்ஹேலர் இருந்தால் வீட்டிலேயே சமாளித்துவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: "எனக்கு லேசான ஆஸ்துமா. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நெஞ்சு இறுகும். சில ராத்திரிகளில் இருமல் எழுப்பிவிடும். நீல நிற இன்ஹேலரை அடித்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இதை இப்படியே வீட்டில் சமாளித்துக்கொண்டு போகலாமா? ஆவி பிடிப்பது, மூச்சுப் பயிற்சி எல்லாம் உதவுமா? எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?"

வீட்டில் சமாளிக்கலாம். சொல்லப்போனால் ஆஸ்துமாவை வேறெங்கும் சமாளிக்க முடியாது. மருத்துவர் உங்களை வருடத்தில் சில நிமிடங்கள் பார்க்கிறார், மற்ற நேரமெல்லாம் அது உங்களோடுதான் இருக்கிறது. ஆனால் "இப்படியே" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், எனக்கும் இருபது வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு என்ற இரண்டு தகுதியோடும் சொல்கிறேன். இனி சொல்வது பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் பொருந்தும். சின்னக் குழந்தைகளுக்கு மருந்து முறை வேறு.

முதலில் அந்த "லேசான" என்ற சொல். மருத்துவர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள், எல்லாம் கடந்த நான்கு வாரத்தைப் பற்றி. பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு இருந்ததா? ராத்திரி ஒரு தடவையாவது எழுப்பியதா? உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எடுத்தீர்களா? ஆஸ்துமாவால் ஏதாவது வேலையைக் குறைத்துக்கொண்டீர்களா? நான்கிலும் "இல்லை" வந்தால்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றோ இரண்டோ "ஆமாம்" வந்தாலே ஓரளவுதான் கட்டுப்பாடு, மூன்று வந்தால் கட்டுப்பாடே இல்லை. உங்கள் கேள்வியிலேயே இரண்டு "ஆமாம்" உறுதியாக இருக்கிறது, மூன்றாவதும் இருக்கக்கூடும். தொந்தரவு உங்களுக்குப் பழகிவிட்டது, அதனால் லேசாகத் தெரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே லேசாக இருப்பவர்களும் பத்திரம் என்று சொல்ல முடியாது. ஆஸ்துமாவால் இறந்த பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளில், 15 முதல் 27 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வாரம் ஒரு முறைகூடத் தொந்தரவு வந்ததில்லை, அல்லது கடுமையாக உடற்பயிற்சி செய்தபோது மட்டும் வந்திருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. "லேசான" என்பது இதுவரை எப்படி இருந்தது என்பதைச் சொல்லுமே தவிர, அடுத்த சளிக் காய்ச்சலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது.

மூச்சுக்குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். அங்கே இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கி இறுக்குகிறது. இது சட்டென்று வரும், சட்டென்று போகும். இன்னொன்று, குழாயின் உள்சுவர் வீங்கிச் சிவந்து சளி சுரந்துகொண்டே இருக்கிறது. இது மெதுவாக வரும், வாரக்கணக்கில் தங்கும். வீங்கிய சுவர்தான் புகை, தூசு, குளிர்காற்று எது பட்டாலும் தசையைச் சுண்டி இழுக்கிறது. உங்கள் நீல இன்ஹேலரில் பெரும்பாலும் சால்புட்டமால் இருக்கும். (நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மேலே உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள்.) அது தசையைத் தளர்த்தும், நான்கைந்து மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அந்தச் சுகம்தான் ஏமாற்றுகிறது. உள்ளே வீக்கம் அப்படியே இருக்க, வெளியே எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

இதனால்தான் ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019-இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து அனுப்புவதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்றது. எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஏதாவது ஒரு வடிவில் உள்ளே போக வேண்டும். அதில் எனக்குப் பிடித்த வழி, பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் ஒரே இன்ஹேலரில் கலந்து வருவது. ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், கூடவே பியூடெசோனைடு வீக்கத்தைக் கவனித்துக்கொள்ளும். லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தினமும் எடுக்காமல் தேவைப்படும்போது மட்டும் எடுக்கலாம். 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நீல வகையை மட்டும் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட்டால், இப்படி எடுத்தவர்களுக்குக் கடுமையான தாக்குதல்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. மருத்துவரிடம் போய் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒரு எச்சரிக்கை: கலவை இன்ஹேலர்கள் எல்லாமே இப்படித் தேவைப்படும்போது எடுப்பதற்கு ஏற்றவை அல்ல. சால்மெட்டெரால் கலந்தது மெதுவாக வேலை செய்யும், அவசரத்துக்கு உதவாது. அதனால் வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் நிறைய. ஒரு கணக்கைப் பாருங்கள். இன்ஹேலர் வழியாகக் குறைந்த அளவில் தினமும் எடுக்கும் பியூடெசோனைடு 200 முதல் 400 மைக்ரோகிராம். அதைத் தவிர்த்துக்கொண்டே இருந்து ஒரு நாள் மோசமான தாக்குதல் வந்தால், கொடுக்கப்படுவது பிரட்னிசோலோன் மாத்திரை, பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம், ஐந்து நாளுக்கு. ஆக மொத்தம் 200 மில்லிகிராம். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த ஐந்து நாள் மாத்திரை இன்ஹேலரின் ஐநூறு நாள் அளவைத் தொட்டுவிடும். (இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்ல, இது எடைக் கணக்கு மட்டுமே.) அதோடு மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது, இன்ஹேலர் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கிறது. வாழ்நாளில் நான்கைந்து முறை அப்படி மாத்திரை எடுக்க நேர்ந்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், கண்புரை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்குபவர்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டு எடுக்கிறார்.

"இன்ஹேலர் பழக்கம் ஆகிவிடும், அதுதான் கடைசிக் கட்டம்" என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். சால்புட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம், இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு. இந்தக் கருவி பிறந்த கதையும் சுவையானது. 1955-இல் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், ஆஸ்துமாவோடு மல்லாடிக்கொண்டிருந்தவள், "என் மருந்தும் ஏன் தலைமுடி ஸ்பிரே மாதிரி டப்பாவில் வரக்கூடாது?" என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்துவிட்டது.

சரி, மருந்து சரியாகக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நுரையீரலுக்குப் போகிறதா? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். நானே ஆறு வருடம் தப்பாக எடுத்தேன். டப்பாவை அழுத்துவேன், நாக்கில் கசக்கும், அப்புறம்தான் மூச்சை இழுப்பேன். ஒரு செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆஸ்துமா நாக்கிலா, நுரையீரலிலா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அழுத்தும் வகை என்றால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் காற்றை வசதியாக வெளியே விட வேண்டும். பலரும் விடுவது இந்தப் படியைத்தான், நெஞ்சு நிரம்பியிருந்தால் மருந்து எங்கே போகும்? இன்ஹேலரின் வாய்ப்பகுதியைச் சுற்றி உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய கணமே அழுத்தி, இழுப்பதை நிறுத்தாமல் மூன்று நான்கு நொடி இழுத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் பத்து நொடி அடக்கி வையுங்கள், முடியாவிட்டால் முடிந்த மட்டும். அடுத்த அழுத்துக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்குங்கள். பவுடர் வகையாக இருந்தால் நேர் எதிர். குலுக்க வேண்டாம், மெதுவாக இழுத்தால் பொடி எழும்பாது, ஆரம்பத்திலேயே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதற்குள் ஊதிவிடக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். இரண்டு வகையும் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றின் முறையை மற்றதற்குப் போடுவது நான் அடிக்கடி கண்ட தப்பு.

அழுத்தும் வகைக்கு ஒரு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை, வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம், நான் இன்னும் பயன்படுத்துகிறேன். மருந்து அந்தக் குடுவைக்குள் தங்கும், அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டியதில்லை. தொண்டையில் படிவதும் குறையும். மாதம் ஒரு முறை இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரலும் கம்மும். டப்பா காலியா என்று தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், அது நம்பத்தகுந்ததல்ல. எண் காட்டும் டப்பா என்றால் எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் திறந்த தேதியை மேலே எழுதிக் கணக்கு வையுங்கள்.

கணக்கு என்றதும் சொல்ல வேண்டும், வீட்டு வைத்தியத்தில் என்னைக் கேட்டால் மிக முக்கியமானது இந்தக் கணக்குதான். நீல இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று நாள்காட்டியில் ஒரு கோடு போடுங்கள், போதும். 200 அழுத்து கொண்ட டப்பா வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் மோசமான தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. கோடுகள் நெருங்க ஆரம்பித்தால் அதுதான் முதல் மணி, மூச்சிரைப்பு பெரிதாவதற்குப் பல நாள் முன்பே அது அடித்துவிடும்.

உடம்பு சொல்வதை நம்ப முடியாதவர்கள், அதாவது குழாய் பாதி சுருங்கும்வரை எதுவுமே உணராதவர்கள், பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்று அளக்கும் சின்னக் கருவி) ஒன்று வைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு ஆழமாக மூச்சிழுத்து, ஒரே வீச்சில் பலமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரம் ஊதிப் பார்த்தால் உங்கள் சொந்த உச்ச அளவு தெரிந்துவிடும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 50-க்கும் 80-க்கும் நடுவில் என்றால் எச்சரிக்கை, மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 50-க்குக் கீழே அவசரம். அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உயரம், வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப அது மாறும்.

தூண்டும் காரணிகள் என்று வந்தால் எல்லோரும் தூசிப் பூச்சியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் புகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குள் எது எரிந்து புகைந்தாலும் மூச்சுக்குழாய்க்கு எதிரிதான்: சிகரெட், விறகு, கொசுவர்த்திச் சுருள் எல்லாமே. நீங்களே புகைப்பவர் என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலனும் குறைந்துவிடும். தூசிப் பூச்சிக்கு, படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைக்கலாம். ஆனால் அதுவே நோயைக் கட்டுப்படுத்திவிடும் என்று நம்பி வீட்டையே புரட்டிப் போட வேண்டாம், இப்படி ஒரே ஒரு நடவடிக்கையால் பெரிய பலன் கிடைப்பது அரிது. சுவரில் ஈரம், பூஞ்சை இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள். ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தூண்டுதல் சாதாரணச் சளிதான். பெரும்பாலான தாக்குதல்களுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. மூக்கு ஒழுக ஆரம்பித்ததுமே, நெஞ்சு இறுகும்வரை காத்திருக்காமல், என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். வருடா வருடம் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூக்கடைப்பும் தும்மலும் நிரந்தரமாக இருப்பவர்கள் அதற்குத் தனியாக வைத்தியம் பார்த்தால் நெஞ்சும் பலருக்கு அடங்கும்.

மருந்துகளே தூண்டுவதும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கடும் இழுப்பைக் கொண்டுவரும். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படியே. கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை இறுக்குமா என்று கேட்பீர்கள். இறுக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும், கண் மருத்துவர் உட்பட, ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நடை, ஓட்டம், விளையாட்டு எதையும் நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது ஆவி. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் இறுக்கத்தை அது தளர்த்தாது, வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோனவர்களையும், சூடான ஈரக்காற்றாலேயே இருமல் கூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி வேறு விஷயம். பதற்றமில்லாமல், மூக்கு வழியாக, வயிறு எழும்பி இறங்க மெதுவாக மூச்சுவிடப் பழகியவர்களுக்குத் தொந்தரவு குறைகிறது, வாழ்க்கைத் தரம் மேம்படுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நுரையீரலின் அளவீடுகள் அதனால் பெரிதாக மாறுவதில்லை. எனவே மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். இருமல் மருந்து வீண். தாக்குதல் நேரத்தில் தூக்க மாத்திரை ஆபத்து.

கடைசியாக, ஓட வேண்டிய நேரம். இறுக்கம் வந்தால் படுக்காதீர்கள், நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். ஸ்பேசரில் நீல இன்ஹேலரை ஒரு அழுத்து, நான்கு மூச்சு, இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி நான்கு. அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை இதையே தொடருங்கள். (கலவை இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்கு எண்ணிக்கை வேறு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பின்பற்றுங்கள்.)

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, கழுத்துத் தசையும் விலா எலும்பு இடுக்கும் உள்ளிழுக்கின்றன, உதடு நீலம் பாய்கிறது, குழப்பமோ மயக்கமோ வருகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கூப்பிட வேண்டும். வீசிங் சத்தம் திடீரென்று நின்று ஆள் இன்னும் திணறிக்கொண்டிருந்தால் அதை முன்னேற்றம் என்று எண்ணாதீர்கள். சத்தம் வரக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல எண் காட்டுகிறதே என்றும் ஆறுதல் அடைய வேண்டாம், ஆஸ்துமாவில் அந்த எண் தாமதமாகத்தான் இறங்கும். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இன்ஹேலர் எடுத்ததும் சரியாகி, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி இறுகினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலேயே முழுதாக அடங்கிவிட்டாலும், ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்த தாக்குதல் என்றால் இரண்டு நாளுக்குள் போய்ப் பாருங்கள், நாள்காட்டியில் போட்ட கோடுகளையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு.